எதுக்கு வாங்குனேன்னு யாரும் கேட்கல

போன மாசம் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்காக டவுன்ஹால் ரோட்டில் இரண்டு ஒன்பது வோல்ட் பேட்டரி வாங்கினேன். கூடவே ஒரு பிரெட்போர்டு, ரிலே மாட்யூல், கொஞ்சம் ஜம்பர் வயர். கடைக்காரர் துண்டுச் சீட்டில் கூட்டிப் போட்டார், ஜிபேயில் அனுப்பிட்டு ஆரப்பாளையம் பஸ் ஏறிட்டேன். எதுக்கு வாங்குறேன்னு அவர் கேட்கல. அவர் ஏன் கேட்கணும்? நம்ம டிபார்ட்மெண்ட்டில் நாலு வருஷத்தில் இதை வாங்காத ஆளே கிடையாது. மல்டிமீட்டருக்குள்ள இருக்கிறதும் இதே பேட்டரிதான்.

1991 ஜூனில், நம்மளை மாதிரியே எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன் டிப்ளமோ படிச்ச ஒருத்தரை சென்னையில் போலீஸ் கூட்டிட்டுப் போச்சு. அவருக்கு அப்போ 19 வயசு. நமக்கு ஜூனியர். இரண்டு ஒன்பது வோல்ட் பேட்டரி வாங்கிக் கொடுத்தார், அது ராஜீவ் காந்தியைக் கொன்ற வெடிகுண்டு பெல்ட்டில் பயன்பட்டது என்பதுதான் அவர் மேல் இருந்த முக்கியமான குற்றச்சாட்டு. பேர் உங்களுக்குத் தெரியும், பேரறிவாளன். அவர் சிறையிலிருந்து முழுசா விடுதலை ஆனது 2022 மே 18. அப்போ நாம ஸ்கூல்ல பரீட்சை எழுதிட்டு இருந்தோம்.

இந்த வழக்கைப் பற்றி வீட்டிலும் டீக்கடையிலும் பேசுறவங்க பெரும்பாலும் இரண்டு கட்சியாப் பிரிஞ்சிடுவாங்க. ஈழம், காங்கிரஸ், திமுக, அதிமுகன்னு பேச்சு எங்கேயோ போயிடும். நான் அந்தப் பக்கம் போகல. உங்ககிட்ட ஒரே ஒரு கேள்வியைப் பற்றி மட்டும் பேசணும். ஒருத்தன் ஒரு பொருளை வாங்கினான்னு வச்சுக்குங்க. அது எதுக்குன்னு அவனுக்குத் தெரியுமா, தெரியாதா? பயங்கரவாதத் தடுப்புச் சட்டம்னு எது வந்தாலும், முதல்ல அடிபடுறது இந்தக் கேள்விதான்.

எப்படின்னு சொல்றேன்.

சாதாரணக் குற்ற வழக்கில், போலீஸ்காரர்கிட்ட "நான்தான் செஞ்சேன்"னு நீங்க சொன்னாலும் அது கோர்ட்டில் செல்லாது. 1872ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டத்தின் 25ஆவது பிரிவு அதைத்தான் சொல்லுச்சு. வெள்ளைக்காரன் நம்ம மேல் இருந்த பாசத்தில் ஒண்ணும் இதை எழுதல. ஸ்டேஷனுக்குள்ள வாக்குமூலம் எப்படி வாங்கப்படும்னு அவனுக்கே தெரியும், அதனால எழுதினான். இப்போ வந்திருக்கிற பாரதிய சாட்சிய அதிநியமும் அதை அப்படியே வச்சிருக்கு. ஆனா 1985இல் கொண்டுவந்து 1987இல் திரும்ப எழுதின தடா சட்டம், 15ஆவது பிரிவில் இதைத் தலைகீழாக்குச்சு. எஸ்.பி. அந்தஸ்தில் இருக்கிற போலீஸ் அதிகாரி பதிவு செஞ்சா, அந்த வாக்குமூலம் சாட்சியம். சொன்னவருக்கு எதிரா மட்டும் இல்ல, அதே வழக்கில் இருக்கிற மற்றவங்களுக்கு எதிராவும் பயன்படுத்தலாம். அதுக்கு முன்னாடி 60 நாள் வரைக்கும் போலீஸ் கஸ்டடியில் வச்சுக்கலாம். சாதாரண வழக்கில் அப்போ அது 15 நாள்தான். விசாரணை மூடின கதவுக்குள்ள நடக்கும். அப்பீல்னா ஹைகோர்ட் கிடையாது, நேரா சுப்ரீம் கோர்ட். ஒரு படியே காணாமப் போச்சு.

நம்ம பாஷையில் சொல்லணும்னா, ஃபியூஸ் அடிக்கடி போகுதுன்னு ஃபியூஸ் கட்டையில் தடிச்ச செம்புக் கம்பியைச் சுத்தி வைக்கிற வேலை. லைட் எரியும். வீடும் எரியும்.

ராஜீவ் வழக்கில் 26 பேர் விசாரிக்கப்பட்டாங்க, அதில் 17 பேரோட வாக்குமூலம் இப்படி எழுதப்பட்டது. பேரறிவாளனோட வாக்குமூலத்தைப் பதிவு செஞ்சவர் சி.பி.ஐ.யில் எஸ்.பி.யாக இருந்த தியாகராஜன். பேட்டரி வாங்கிக் கொடுத்தேன்னு அதில் இருந்தது. 22 வருஷம் கழிச்சு, 2013இல், ரிடையர் ஆகிட்ட அதே அதிகாரி வெளியே வந்து ஒண்ணு சொன்னார். பேட்டரி வாங்கினதை ஒத்துக்கிட்ட பேரறிவாளன், அது எதுக்குன்னு தனக்குத் தெரியாதுன்னும் சொல்லியிருக்கார். அந்த வரியைத் தான் எழுதலன்னு அதிகாரியே சொன்னார். அதை எழுதியிருந்தா அது ஒப்புதல் வாக்குமூலமாவே இருந்திருக்காது என்பது அவர் சொன்ன காரணம். அப்புறம் 2017இல் சுப்ரீம் கோர்ட்டிலும் பிரமாணப் பத்திரமாகவே கொடுத்தார்.

இந்த இடத்தில் நான் கொஞ்ச நேரம் படிக்கிறதை நிறுத்திட்டேன். லேபில் ரெக்கார்டு நோட்டு எழுதும்போது, கிராஃப் சரியா வரணும்னு ஒரு ரீடிங்கை விட்டுட்டு எழுதாதவங்க நம்மில் யார் இருக்கோம்? மார்க்குக்காக விடுறோம், சார் கையெழுத்துப் போடுறார், முடிஞ்சுது. அங்கே விட்டுப்போன ஒரு வரியோட மறுபக்கத்தில் தூக்குக் கயிறு இருந்துச்சு. அந்த அதிகாரி வாயைத் திறந்ததுக்கு நான் மரியாதை கொடுக்கிறேன், நிறைய பேர் கடைசி வரைக்கும் திறக்க மாட்டாங்க. ஆனாலும் அவரை ஒரு தனி ஆளா நிறுத்தித் திட்டுறதில் அர்த்தம் இல்லைன்னு நினைக்கிறேன். எந்த வரி இருக்கணும், எந்த வரி வேண்டாம்னு முடிவு பண்ற பேனாவை, வழக்கை ஜெயிக்கணும்னு நினைக்கிற தரப்போட கையிலேயே அந்தச் சட்டம் கொடுத்து வச்சிருந்துச்சு. யார் உட்கார்ந்திருந்தாலும் பேனா அந்தப் பக்கம்தான் சாயும்.

1998 ஜனவரி 28 அன்னைக்குப் பூந்தமல்லி தடா கோர்ட் 26 பேருக்கும் தூக்குன்னு தீர்ப்பு சொல்லுச்சு. ஒருத்தர்கூட பாக்கி இல்ல. 1999 மே 11இல் சுப்ரீம் கோர்ட், அதில் 19 பேரைக் கொலை, சதிக் குற்றத்திலிருந்து விடுவிச்சுது. பாஸ்போர்ட் மாதிரியான சின்னக் குற்றங்களுக்கான தண்டனையை அவங்க ஏற்கெனவே உள்ளேயே கழிச்சிருந்தாங்க. பதினாறு மாசத்துக்குள்ள, "சாகணும்" என்பதிலிருந்து "வீட்டுக்குப் போகலாம்" என்பதுக்கு 19 பேர் மாறினாங்க. இவ்வளவு பெரிய பிழை வேற எந்தச் சிஸ்டத்தில் வந்தாலும் மொத்த டிசைனையே நாம சந்தேகப்படுவோம்.

அதே தீர்ப்பில் இன்னொண்ணும் இருக்கு. இது தடா சட்டத்தின்கீழ் வர்ற பயங்கரவாதச் செயலே இல்லைன்னு கோர்ட் சொல்லுச்சு. சரி, அப்போ தடாவில் வாங்கின வாக்குமூலம்? அது மட்டும் செல்லும்னுட்டாங்க. சட்டம் பொருந்தாது, ஆனா அந்தச் சட்டம் இருந்ததால மட்டுமே எழுத முடிஞ்ச காகிதம் பொருந்தும். இதை நான் மூணு தடவை படிச்சேன், ஏதோ தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன்னு நினைச்சு. தப்பு இல்ல, அப்படித்தான் இருக்கு. நாலு பேருக்குத் தூக்கு, மூணு பேருக்கு ஆயுள்னு அந்தக் காகிதங்களை வச்சுதான் போச்சு. அந்த மூணு பேரில் ஒருத்தர் ரவிச்சந்திரன், அருப்புக்கோட்டைக்காரர். அவர் நீண்ட காலம் இருந்தது நம்ம மதுரை மத்தியச் சிறையில். ஆரப்பாளையத்திலிருந்து நடந்தே போயிடலாம், புது ஜெயில் ரோடு. அந்த மதிலை ஒட்டித்தான் நான் ஸ்கூலுக்குப் போனேன். உள்ளே யார் இருக்காங்கன்னு ஒரு நாளும் யோசிச்சதில்ல.

இப்போ நேர்மையா ஒண்ணு சொல்லிடணும். பேரறிவாளன் நிரபராதின்னு எந்தக் கோர்ட்டும் சொல்லல. தூக்கு ஆயுளானது கருணை மனுவை 11 வருஷம் இழுத்தடிச்சதால. விடுதலை வந்தது, அமைச்சரவை முடிவு மேல் கவர்னர் நடவடிக்கை எடுக்காம வச்சிருந்ததால, 142ஆவது பிரிவைப் பயன்படுத்தி. அவருக்குத் தெரிஞ்சிருந்துச்சா இல்லையான்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதுதான் என்னைக் குடையுது. 30 வருஷத்துக்கு மேல் ஆச்சு, நாட்டோட பெரிய பெரிய நீதிபதிகள் எல்லாம் பார்த்தாச்சு, இருந்தும் அந்த ஒரு கேள்விக்கு நம்பகமான பதில் நம்ம கையில் இல்ல. பதில் எழுதியிருக்க வேண்டிய இடத்தில் அந்த வரி இல்ல. (ஜெயிலுக்குள்ள இருந்து ப்ளஸ் டூ எழுதி 1200க்கு 1096 வாங்கினார் அவர். நம்ம கட்-ஆஃபை நினைச்சுப் பாருங்க.)

ஸ்ரீபெரும்புதூரில் அன்னைக்கு ராஜீவ் காந்தியோட இன்னும் பல பேர் செத்தாங்க. டியூட்டியில் இருந்த போலீஸ்காரங்க, கூட்டம் பார்க்க வந்தவங்க. 1998 பிப்ரவரியில் கோயம்புத்தூர் குண்டுவெடிப்பில் 58 பேர். நம்ம ஊரும் தப்பல. 2011 அக்டோபரில், அத்வானி யாத்திரை போற வழியில், திருமங்கலம் பக்கத்தில் ஆலம்பட்டிப் பாலத்துக்குக் கீழே பைப் வெடிகுண்டு எடுத்தாங்க. அது வெடிச்சிருந்தா யார் செத்திருப்பாங்கன்னு சொல்ல முடியாது. பயம் நிஜம். பயத்தை வச்சுச் சட்டம் எழுதும்போது கை நடுங்கும் என்பதும் நிஜம்.

அதே திருமங்கலம்தான் இன்னொரு கதைக்கும் இடம்.

தடா 1995 மே மாசத்தில் காலாவதி ஆச்சு. அதுக்குள்ள 76,000 பேருக்கு மேல் கைதாகியிருந்தாங்க, குற்றம் நிரூபணமானது ரொம்பச் சொற்பம். அடுத்து பொடா வந்துச்சு. ராஜ்யசபா அதைத் தோற்கடிச்சதால இரண்டு அவையும் சேர்ந்து உட்கார்ந்து, 2002 மார்ச் 26இல் 425க்கு 296 என்ற கணக்கில் நிறைவேத்தினாங்க. அப்போ வாஜ்பாய் கூட்டணியில் இருந்த மதிமுகவும் ஆதரிச்சுது. மூணே மாசம். ஜூன் 29 அன்னைக்குத் திருமங்கலத்தில் ஒரு பொதுக்கூட்டத்தில் வைகோ விடுதலைப் புலிகளை ஆதரிச்சுப் பேசினார்னு வழக்கு. ஜூலை 11, அமெரிக்காவிலிருந்து திரும்பி வந்து இறங்கினவரைச் சென்னை விமான நிலையத்திலேயே பொடாவில் கைது செஞ்சாங்க. எந்தச் சட்டத்துக்கு அவர் கட்சி கை தூக்குச்சோ, அதே சட்டம். வேலூர் சிறையில் சுமார் 19 மாசம். அதே ஆகஸ்டில் மதுரைக்காரரான பழ. நெடுமாறனும் பொடாவில் உள்ளே போனார்.

அவங்க பேசினது சரியா தப்பான்னு நீங்க ராத்திரி பூரா ஹாஸ்டல் மொட்டைமாடியில் சண்டை போடலாம். எனக்கே அதில் பாதி உடன்பாடு இல்ல. ஆனா மேடையில் பேசினது பேச்சு. குண்டு வைக்கணும்னோ, யாரையாவது வைக்கத் தூண்டணும்னோ எண்ணம் இருந்துச்சா? 2003 டிசம்பர் 16இல் சுப்ரீம் கோர்ட் இதைத்தான் தெளிவுபடுத்துச்சு. பயங்கரவாதச் செயலுக்குத் துணைபோற எண்ணம் இல்லாம வெறும் வாய்வார்த்தையில் ஆதரவு சொல்றது பொடா 21ஆவது பிரிவில் குற்றமாகாது. திரும்பவும் அதே கேள்வி பாருங்க, உள்ளே என்ன எண்ணம் இருந்துச்சு? அதைக் கேட்டு முடிக்கிறதுக்குள்ள ஒரு எம்.பி.க்கே 19 மாசம் போச்சு. பேர் தெரியாத ஆளா இருந்தா?

பொடாவையும் 2004இல் எடுத்தாச்சு. எடுத்த அதே நேரத்தில், அதில் இருந்த பயங்கரவாதப் பிரிவுகளில் பலதையும் 1967இன் பழைய உபா சட்டத்துக்குள்ள கொண்டுபோய் வச்சாங்க. மும்பைத் தாக்குதலுக்கு அப்புறம் 2008இல் இன்னும் இறுக்கினாங்க. உபாவில் போலீஸ்கிட்ட கொடுத்த வாக்குமூலம் செல்லாது, அந்த வகையில் தடாவை விட மேல். ஆனா குஜராத்தோட 2019 சட்டத்திலும் மகாராஷ்டிராவோட மோக்காவிலும் அந்த வாசல் இன்னும் திறந்தே இருக்கு என்பதையும் மனசில் வச்சுக்குங்க.

உபாவோட பலம் வேற இடத்தில். 43டி பிரிவு. குற்றப்பத்திரிகை போடறதுக்கே 180 நாள் வரைக்கும் நேரம் வாங்கலாம். அப்புறம் ஜாமீன் கேட்டா, குற்றச்சாட்டு மேலோட்டமாப் பார்க்க உண்மை மாதிரி இருந்தாலே நீதிபதி ஜாமீன் கொடுக்கக் கூடாது. எதை வச்சு மேலோட்டமாப் பார்க்கிறது? போலீஸ் கொடுத்த காகிதங்களை வச்சு. 2019 வட்டாலி தீர்ப்புக்கு அப்புறம், அந்தக் காகிதங்களை அந்தக் கட்டத்தில் குடைஞ்சு ஆராயவும் கூடாது. அதாவது "எனக்குத் தெரியாது"ன்னு சொல்ற உரிமை உங்களுக்கு இருக்கு, அதைக் கேட்கிற நாள் மட்டும் வராது. 2016 முதல் 2020 வரைக்கும் உபாவில் 24,134 பேர் மேல் வழக்கு. தண்டனை ஆனது 212 பேருக்கு, விடுதலை ஆனது 386 பேர். இது நாடாளுமன்றத்தில் அரசே கொடுத்த கணக்கு. 24,134இலிருந்து இந்த இரண்டையும் கழிச்சுப் பாருங்க.

அந்தக் கழித்தலில் ஒருத்தர் திருச்சி மாவட்டத்துக்காரர். ஸ்டேன் சுவாமி, ஜார்க்கண்ட் பழங்குடி மக்களோட வேலை செஞ்ச பாதிரியார். 2020 அக்டோபரில் ராஞ்சியில் கைதானப்போ 83 வயசு, பார்க்கின்சன் நோய். டம்ளரைப் பிடிச்சா கை நடுங்கும், அதனால தண்ணி குடிக்க ஸ்ட்ராவும் சிப்பர் டம்ளரும் வேணும்னு கோர்ட்டில் மனு போட வேண்டியிருந்துச்சு. அதுக்குப் பதில் சொல்ல விசாரணை அமைப்புக்கு 20 நாள் அவகாசம் கொடுத்தாங்க. ஜாமீன் கிடைக்கல. 2021 ஜூலை 5 அன்னைக்கு மும்பையில் ஆஸ்பத்திரியில் செத்துப்போனார். விசாரணை தொடங்கவே இல்ல. அவர் குற்றவாளியா இல்லையான்னு இனிமே எந்த நீதிபதியும் முடிவு பண்ணப்போறதும் இல்ல.

நாக்பூரில் பேராசிரியர் சாய்பாபா, சக்கர நாற்காலியில் இருந்தவர். 2024 மார்ச்சில் மும்பை உயர்நீதிமன்றம் விடுதலை செஞ்சுது, அக்டோபரில் இறந்துட்டார்.

இதையெல்லாம் ரூம்மேட்கிட்ட சொன்னப்போ அவன் கேட்டது: "அப்போ சட்டமே வேண்டாம்கிறியா? குண்டு வைக்கிறவன்கிட்ட போய் ரூல்ஸ் பேசுவியா?" நியாயமான கேள்விதான். என் பதில் ராஜீவ் வழக்கிலேயே இருக்கு. தடா பொருந்தாதுன்னு சுப்ரீம் கோர்ட் சொன்ன பிறகும் ஏழு பேருக்குத் தண்டனை நின்னுச்சு இல்லையா? எந்தச் சட்டத்தில்? சாதாரண இந்திய தண்டனைச் சட்டத்தில், கொலை, சதி. குண்டு வைக்கிறவனைத் தண்டிக்கச் சட்டம் எப்பவும் இருந்துச்சு. போதாததுக்கு, 2024 ஜூலையிலிருந்து அமலில் இருக்கிற பாரதிய நியாய சன்ஹிதாவிலும் 113ஆவது பிரிவா பயங்கரவாதச் செயல் வந்திருக்கு. தனிச் சட்டங்கள் கூடுதலாக் கொண்டுவந்தது என்னன்னு பார்த்தா, பெரும்பாலும் சரிபார்க்கிற படிகளை எடுத்துவிட்டதுதான். அந்தப் படிகளை மனித உரிமைன்னு சொன்னா உங்களில் சிலருக்குக் குற்றவாளிக்குக் காட்டுற சலுகை மாதிரி தோணுது. எனக்கு அது டெஸ்டிங் மாதிரி தெரியுது. சரியான ஆளைப் பிடிச்சிருக்கோமான்னு பார்க்க அதை விட்டா வேற வழி கிடையாது. தப்பான ஆள் உள்ளே இருந்தா, சரியான ஆள் வெளியே இருக்கான். செத்தவங்க குடும்பத்துக்கு அதில் என்ன நியாயம் கிடைச்சுது?

அவன் சட்டுன்னு ஒத்துக்கல. "சரி, ஆனா இதை உன் பேர்ல போடாத, ப்ளேஸ்மென்ட் சீசன்"னான். அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. நானும் இரண்டு நாள் அதைத்தான் யோசிச்சிட்டு இருந்தேன். எல்லாமே நாடாளுமன்றப் பதிவிலும் தீர்ப்பிலும் இருக்கிற விஷயம், அதை எழுதவே இப்படி யோசிக்க வைக்குதே.

எனக்கு வேணும்னு தோணுறது பெரிய புரட்சி ஒண்ணும் இல்ல. உபா 43டி(5) போகணும். ஜாமீன் கேட்கிறவர் தன் பக்கத்தைச் சொல்லவும், நீதிபதி அதை எடைபோடவும் வழி வேணும். வழக்கு வருஷக்கணக்கில் நகரலன்னா உயர்நீதிமன்றமும் உச்சநீதிமன்றமும் ஜாமீன் கொடுக்கலாம்னு 2021இல் நஜீப் வழக்கில் சொல்லியாச்சு, ஆனா அங்கே போய்ச் சேரவே பணமும் வருஷமும் வேணுமே. போலீஸ்கிட்ட கொடுக்கிற வாக்குமூலம் எந்த மாநிலச் சட்டத்திலும் சாட்சியமா இருக்கக் கூடாது.

கடைசியா நம்ம ஏரியாவில் வர்ற ஒண்ணு. 2020 டிசம்பர் 2இல் சுப்ரீம் கோர்ட், எல்லாப் போலீஸ் ஸ்டேஷனிலும் என்.ஐ.ஏ. மாதிரியான அமைப்புகளோட விசாரணை அறைகளிலும் ஆடியோவோட சிசிடிவி வைக்கணும், பதிவைக் குறைஞ்சது ஒரு வருஷம் வச்சிருக்கணும்னு உத்தரவு போட்டுச்சு. கேமரா, ஸ்டோரேஜ், பேக்கப், யார் எப்போ அழிச்சான்னு காட்டுற லாக். இது எதுவும் நமக்குப் புதுசு இல்ல, மூணாவது வருஷ மினி ப்ராஜெக்ட் லெவல். 1991இல் அந்த ரூமில் ஒரு டேப் ரெக்கார்டர் ஓடியிருந்தா, எழுதாம விட்ட வரி அதில் இருந்திருக்கும். அடுத்த செமஸ்டரில் ப்ராஜெக்ட் டாபிக் தேடப்போற ஜூனியர்ஸ் யாராவது இதை எடுத்துக்கலாம். அழிச்சா தெரிஞ்சுடுற மாதிரி ஒரு ரெக்கார்டர். சப்ளைக்கு மட்டும் ஒன்பது வோல்ட் பேட்டரியை நம்பாதீங்க, என் ரிலேவுக்கே கரண்ட் பத்தல.